சம்பந்தர் காலமும் பேராசிரியர் சுந்தரம் பிள்ளையும்

கல்லூரி மாணவர் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரை எவ்வாறு அமைதல் வேண்டும் என்று நம்மைக் கேட்போருக்கு நாம் காட்டுவது திருவனந்தபுரத்திலேயே எழுந்த ஒரு கட்டுரையை. மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897) திருஞானசம்பந்தரின் காலம் பற்றி ஆங்கிலத்தில் எழுதியது அது. 1891-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தோன்றி, 1895-இல் தனி நூலாயிற்று. 'மனோன்மணீயம்' தந்தவர் என்றே அவரைப் போற்றுகிறோம். பேரூர்க்கடை வழியே செல்கையில் ஆர்விபுரத்தையும் நினைக்கிறோம். இக்கட்டுரையைப் படித்தவரோ நம்முள் மிகச் சிலரே.

கால்டுவெல் பெருமகனார், சம்பந்தர் சமணத்தினின்று மீட்ட கூன்பாண்டியனை மார்க்கோ போலோ குறித்த சுந்தரபாண்டியனோடு ஒன்றாகக் கருதி, சம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என முடிவு கட்டினார். அவர் புகழ் பெரிது; மறுத்துரைக்கத் துணிவு வேண்டும். நம் பேராசிரியர் சினந்து எழுதினாரல்லர். பெயர் ஒற்றுமை ஒன்றே கால ஒற்றுமைக்குச் சான்றாகுமா என வினவினார். பின்னர்ப் படிப்படியாகப் பின்னோக்கிச் சென்றார். திருமுறை தொகுத்த நம்பியாண்டார் நம்பிக்கு முற்பட்டவர் சுந்தரர். அச்சுந்தரரே திருத்தொண்டத் தொகையில் சம்பந்தரைப் போற்றுகின்றார். சங்கரர் இயற்றியதாக வழங்கும் சௌந்தரியலகரி குறிக்கும் திராவிடக் குழந்தையும் சம்பந்தரே எனக் கொண்டார். இக்கண்ணி நம் கருத்தில் சற்று வலி குன்றியது. அந்நூலின் ஆசிரியர் யார் என்பதே வழக்கில் உள்ளது. ஆயினும் பிற கண்ணிகள் அறுந்தில.

ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர் என்ற அளவில் அவர் நின்றார். பிறந்த ஆண்டைச் சொல்லிவிடும் ஆசை அவருக்கு எழாமலா இருந்திருக்கும்? சான்று எதுவரை சென்றதோ அதுவரையே சொன்னார். நாம் பி.ஏ. பயின்ற நாளில், குறிப்பேட்டிலிருந்து பெயர்த்தெழுதி, 'ஐயமில்லை' என்று பத்தி தோறும் முடித்தோம். மதிப்பெண் கிடைத்தது என்பது வேறு செய்தி. இன்று கோப்புகளிடையே வாழும் நமக்கு, முன் தாளைப் பாராமல் குறிப்பெழுதினால் என்ன நேரும் என்பது தெரியும்!

1891-க்குப் பின் சில ஆண்டுகளுள் கல்வெட்டறிஞர் வெங்கையா ஓர் உண்மையைக் காட்டினார். சம்பந்தர் பாடிய சிறுத்தொண்டர் வாதாபியை அழித்த படைத்தலைவர் என்கிறது பெரியபுராணம். அவ்வாதாபிப் போர் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் இரண்டாம் புலிகேசியை வென்ற 642-ஆம் ஆண்டுப் போரே. பேராசிரியர் வகுத்த எல்லைக்குள்ளேயே அவ்வாண்டு பொருந்தி அமைந்தது. 1897 ஏப்ரலில், நாற்பத்திரண்டாம் அகவையில், அவர் மறைந்தார்.