தேர்வுச் சொற்களுக்கும் ஒரு வரலாறு உண்டு

இடஒதுக்கீடு பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் 'ஆப்டிடியூட்', 'பெர்சன்டைல்', 'கட்-ஆஃப்' என்ற சொற்களைக் காட்டியே நம் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று நாம் தெரிந்துகொள்வது நல்லது.

'பெர்சன்டைல்' என்ற சொல்லை 1880களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். உயர்ந்த பரம்பரைகளை மட்டும் பெருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 1883இல் 'யூஜெனிக்ஸ்' என்று பெயர் சூட்டியவரும் அவரே.

1905இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினே உருவாக்கிய சோதனையின் நோக்கம் வேறு. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து உதவத்தான் அவர் அதைச் செய்தார். அமெரிக்கா போனதும் அந்த முறை மனிதர்களைத் தரம்பிரிக்கும் கருவியானது. முதல் உலகப் போரின்போது சுமார் 17 லட்சம் பேருக்கு இராணுவம் சோதனை வைத்தது. அதில் ஒரு கேள்வி, 'கிரிஸ்கோ' என்பது என்ன? அது அங்கே விற்ற ஒரு சமையல் கொழுப்பின் பெயர். நல்ல பள்ளி மறுக்கப்பட்ட கறுப்பினத்தவரும் புதிதாகக் குடியேறியவரும் அதை அறியாவிட்டால், அதை 'அறிவுக் குறைவு' என்று கணக்கு வைத்தார்கள்.

அந்த மதிப்பெண்களை வைத்து நார்டிக் இனமே உயர்ந்தது என்று 1923இல் நூல் எழுதினார் கார்ல் பிரிகாம். 1926இல் கல்லூரிச் சேர்க்கைக்கான 'சாட்' தேர்வை உருவாக்கியதும் அவர் தலைமையில்தான். அந்தப் பெயரின் நடு எழுத்து 'ஆப்டிடியூட்', அதாவது இயல்பிலேயே உள்ள திறன். தன் நூலின் முடிவுகளுக்கு அடிப்படையே இல்லை என்று 1930இல் பிரிகாமே எழுதிவிட்டார். ஆனாலும் அந்தச் சொல் தேர்வின் பெயரிலிருந்து நீங்க 1990கள் வரை ஆனது.

இப்போது நம் ஊர் நீட்டுக்கு வருவோம். 50 பெர்சன்டைல் என்றால் பாடத்தில் பாதி தெரியும் என்று பொருளல்ல. எழுதியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் நமக்குக் கீழே இருக்கிறார்கள், அவ்வளவுதான். அது வரிசையில் நிற்கும் இடம். 2023இல் முதுநிலை நீட்டில் இடங்கள் காலியாகக் கிடந்தபோது, தகுதிக்கான பெர்சன்டைலை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியமாக்கினார்கள். நேற்றுவரை 'தகுதியற்றவர்' என்றிருந்தவர் ஒரே அறிவிப்பில் தகுதியானார். அவருடைய அறிவு ஒரே நாளில் கூடவில்லை. காலி இடங்களின் கணக்குதான் எல்லைக்கோட்டை நகர்த்தியது.

ஆகவே, மதிப்பெண்ணைக் காட்டி யாராவது நம் பிள்ளைகளின் திறமையை எடைபோட வந்தால், பதிலுக்கு நாம் கேட்போம்: கேள்வி யாருடைய வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டது? பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர் யார்? எல்லைக்கோட்டை வரைந்தது யார்?