முட்டத்தில் யார் வாத்தியார்?

1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரை என்ற ஊர்களில் மீன்பிடிப்பை நவீனமாக்குவது அதன் நோக்கம். மறுவருடமே வேலை தொடங்கியது. நார்வேயிலிருந்து வந்தவர்கள் கடல் தொழிலில் பழுத்தவர்கள், நல்லெண்ணத்தோடு வந்தவர்கள். முதலில் உள்ளூர் வள்ளங்களிலேயே என்ஜினைப் பொருத்திப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. பிறகு புதிதாக விசைப்படகுகளைக் கட்டினார்கள். அவற்றை நிறுத்தி வைக்க ஆற்றுமுகம் வேண்டும். நீண்டகரையில் அது இருந்தது. வெறும் மணலில் மரத்தைத் தள்ளிக் கடலுக்குள் போகும் ஊர்களுக்கு அந்தப் படகால் ஒரு பயனும் இல்லை. 1960களில் உறையவைத்த இறாலுக்கு அமெரிக்காவில் கிராக்கி ஏறியதும் கடலடியை வாரும் இழுவைமடி பரவியது. வலையைத் தொட்டே பார்க்காத முதலாளிகளும் அதில் பணம் போட்டார்கள்.

படகை நவீனமாக்கும் இதே முயற்சி தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் வேறு விதமாக நடந்தது. சுமார் 70 கிலோமீட்டர் கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் இடம் அது. மேற்குப் பக்கக் கரை செங்குத்தானது. ஆனி, ஆடியில் திரை எழும்பினால் படகு கவிழ்வது கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். அந்தத் திரையைத் தாண்டக் கட்டுமரத்தைவிடத் தோதான கலம் இல்லை. மிதக்கும் கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது என்பதால் அதற்குள் தண்ணீர் நிறைய வழியில்லை, மூழ்கவும் மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயப்போடலாம். மீனவர்கள் அதைக் கட்டுமரம் என்றுகூடச் சொல்வதில்லை, ‘மரம்’ என்பதோடு சரி.

சிக்கல் கடலில் அல்ல, காட்டில் இருந்தது. கட்டுமரத்துக்கு ஏற்ற லேசான பெரிய மரங்கள் 1970களில் அரிதாகின, விலை ஏறியது. பழையதை ஒட்டுப்போட்டுத் தள்ளியவர்கள் எத்தனை நாள் தள்ள முடியும்?

கோட்டாறு மறைமாவட்டத்தில் பணியாற்றிய பெல்ஜியப் பாதிரியார் ஜேம்ஸ் தொம்பேரும், அவரோடிருந்த சமூக சேவை அமைப்பும் மீனவர் சங்கங்களைக் கட்டத் தொடங்கியிருந்த காலம் அது. அதே மாவட்டத்துக் கடற்கரை ஊரான முட்டத்தில் ஒரு படகு கட்டும் மையம் வந்தது. பியேர் ஜிலே என்ற இன்னொரு பெல்ஜியர் அங்கே வந்து சேர்ந்தார். தொடக்கத்தில் அவர்களும் நார்வேக்காரர்கள் போன வழியில்தான் போனார்கள்: பெரிய விசைப்படகு. அது போய்ச் சேர்ந்த இடமும் இழுவைமடிதான். கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் கடலிலும் கரையிலும் மோதல் வளர்ந்தது. ஏழை மீனவனுக்கு என்று செய்த படகு அவன் வலையைக் கிழித்துக்கொண்டு போவதைப் பார்த்த பிறகுதான் மையம் வேறு திசையில் யோசித்தது. கட்டுமரம் செய்யும் வேலையையே செய்கிற, ஆனால் காட்டு மரம் தேவைப்படாத கலம் ஒன்று வேண்டும்.

ஒட்டுப்பலகை என்று முடிவானது. பலகையின் ஓரங்களைக் கம்பியால் தைத்து, தையலின் மேல் பிசினும் கண்ணாடி இழையும் பூசி மூடும் முறையை, பிரிட்டனின் இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்புக்காகப் பொறியாளர் எட்வின் கிஃபோர்ட் கொண்டுவந்தார். கயிற்றால் பலகையைத் தைத்து வள்ளம் கட்டிய கரைக்குத் தையல் புதிதல்ல என்பதை யாராவது அவருக்குச் சொன்னார்களா தெரியாது. எப்படியும், படகு காகிதத்தில் அழகாகவே இருந்தது. கடலில் முதல் மாதிரிகள் பாஸ் ஆகவில்லை.

குறை சொன்னவர்கள் அதை ஓட்டியவர்கள்தான். தண்ணீரோடு தண்ணீராக உட்கார்ந்து வலை இழுத்துப் பழகியவனுக்கு உயர்ந்த விளிம்பு இடைஞ்சல். திரையில் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்பது முதல் கேள்வி. கரையில் எத்தனை பேர் சேர்ந்து தூக்கி வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. விலை மூன்றாவது. ஒவ்வொரு பதிலும் ஒரு புது மாதிரியாக முட்டத்துப் பட்டறையிலிருந்து வெளியே வந்தது, அதுவும் பலநேரம் திரும்பி வந்தது. இந்த இழுபறியை ஜிலே பிறகு புத்தகமாக எழுதி 1985இல் வெளியிட்டார். ஷூமாக்கரின் ‘சிறியதே அழகு’ புகழ்பெற்றிருந்த நாட்கள் அவை. கிஃபோர்டை அனுப்பிய அமைப்பை நிறுவியவரும் அதே ஷூமாக்கர்தான். ஜிலே தன் புத்தகத்துக்கு வைத்த தலைப்பு, ‘சிறியது கடினம்’. தோற்ற மாதிரிகளை மறைக்காமல் சொல்லும் தொழில்நுட்பப் புத்தகங்கள் அபூர்வம். அந்த ஒரு காரணத்துக்காகவே அதைப் படிக்கலாம்.

ஒட்டுப்பலகை வள்ளம் கடைசியில் பரவியதற்கு வடிவம் மட்டும் காரணமல்ல. 1980களின் தொடக்கத்தில் வெளிப்பொருத்து என்ஜின் வந்தது. லேசான ஒட்டுப்பலகை வள்ளமும் என்ஜினும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போயின. பணத்துக்கு வழி செய்தவை சங்கங்கள். திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாட்டில் மீனவர்கள் கடற்கரை ஏலத்தைத் தரகர் கையிலிருந்து தங்கள் சங்கத்தின் கைக்கு மாற்றியிருந்தார்கள். விற்ற மீனிலிருந்தே கடனைக் கழிப்பது, சேமிப்பைப் பிடிப்பது என்று கணக்கு ஓடியது. அதே மாதிரியில் எழுந்த ஊர்ச் சங்கங்களின் கூட்டமைப்பு, சிஃப்ஸ், 1980இல் உருவானது. படகுப் பட்டறைகள், என்ஜின் பழுதுபார்க்கும் நிலையங்கள் எல்லாம் அதன் கீழ் வந்தன. மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் ‘ஷோர்லைன்ஸ்’ என்ற நூலில் இதன் அரசியலைக் காட்டுகிறார்: என்ஜின் வைத்த சிறு வள்ளம், இழுவைப்படகுக்கு எதிரே உரிமை பேசும் ஒரு தரப்பையும் உண்டாக்கியது. மண்ணெண்ணெய்ச் செலவும், பக்கத்து வள்ளத்தைவிடப் பெரிய என்ஜின் வேண்டும் என்ற போட்டியும் கூடவே வந்தன என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முட்டம் பல ஆண்டுகள் பட்டுக் கற்றதை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பெரும்பாலோர் நினைத்துப் பார்க்கவில்லை. சுனாமியில் போன படகுகளுக்குப் பதிலாக ஃபைபர் படகுகள் அவசரமாக வந்து குவிந்தன. அனுபவமில்லாத பட்டறைகளில் வார்த்த பல படகுகள் தரக்குறைவானவை. தமிழகக் கரையின் சில இடங்களில் போனதைவிட வந்தது அதிகம். வாங்கிக்கொள்பவரைக் கேட்டுக் கட்டுவதற்கு நன்கொடைக்குப் பொறுமை இல்லை.

படகு ஒரு பக்கம் இருக்கட்டும். கற்றலின் போக்கு முழுதாகத் திரும்பியது கடலடியில்.

தெற்குத் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கடலில் பாறைத் திட்டுகள் உண்டு. மீனவர் வழக்கில் அவை ‘பார்’. கலவாயும் விளமீனும் அங்கேதான். கரை கண்ணுக்கெட்டும் இடம்வரை அவற்றைக் கண்டுபிடிக்கக் கணியம் போதும்: கோயில் கோபுரத்தை ஒரு மலை முகட்டோடு நேர்கோட்டில் வைத்து ஒரு வரி, தென்னையையோ குன்றையோ வைத்து இன்னொரு வரி, இரண்டும் வெட்டும் இடத்தில் தூண்டில். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது, கயிற்று நுனியில் ஒட்டி வருவது மணலா சேறா என்பதெல்லாம் அதோடு சேர்ந்த கணக்கு.

இழுவைமடிகள் கரைக்கடலை வாரத் தொடங்கியபின், மீனவர்கள் தாங்களே பார் கட்டினார்கள். கல், தென்னங்கட்டை, பிறகு கான்கிரீட் உறை. ஊர் ஊராகப் பணம் பிரித்து, போட்டிபோட்டுக்கொண்டு கூட இறக்கினார்கள். பொருளாதார அறிஞர் ஜான் குரியன் 1990களில் இதை விரிவாக எழுதினார். மீன் சேரும் என்பது ஒரு பயன், இழுவைமடி அதில் மாட்டிக் கிழியும் என்பது இன்னொன்று. கேரளத்தில் மழைக்கால இழுவைத் தடை முதன்முதலாக வந்தது 1988இல்தான். சட்டம் வரும்வரை காத்திருக்காத வேலி இது.

மரபறிவு என்றாலே கடலுக்கு நல்லது என்று முடிவுகட்டவும் முடியாது. குளச்சல் பக்கத்துத் தூண்டில்காரர்கள் கர்நாடகக் கடலில் தென்னம்பாளைகளைக் கட்டி இறக்கிக் கணவாயைச் சேர்த்துப் பிடித்தார்கள். அருமையான உத்தி. ஆனால் அங்கே கூடுவது முட்டையிட வரும் கணவாய் என்பதால் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் கவலை தெரிவித்தார்கள், உள்ளூர் விசைப்படகுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மீனவர் அறிந்தது கணவாய் எங்கே வரும் என்பதை. பாளையோடு போகும் முட்டைகளின் கணக்கை ஆய்வாளர் வைத்திருந்தார். இரண்டு கணக்கும் ஒரே மேசைக்கு வராதவரை தகராறு தீர வழியில்லை.

மேசைக்குக் கொண்டுவரும் முயற்சிகளில் குறிப்பிட வேண்டியவர் திருவனந்தபுரத்து மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் பனிப்பிள்ளை. கணியம் அறிந்த முதியவர்கள் வழிகாட்ட, அவரும் நண்பர்களும் முக்குளித்துப் பார்களைப் படம்பிடித்துப் பதிவு செய்தார்கள். அதற்கு முன்பு அப்பகுதிப் பார்கள் பெரும்பாலும் மீனவர் நினைவில் மட்டுமே இருந்தவை. 2015இல் விழிஞ்ஞம் துறைமுகப் பணி தொடங்கியபோது, கடலடியில் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்குக் காட்ட அந்தப் பதிவுகள் இருந்தன.

ஆனால் நல்ல கணியத்தை ஒருவன் தன் மகனுக்குச் சொல்வான், பக்கத்து வள்ளத்துக்குச் சொல்லமாட்டான். அது குடும்பத்தின் முதல். பதிவில் ஏறிய பார் துறைமுக விவாதத்தில் மீனவனுக்குச் சாட்சி. அதே பதிவு ஜிபிஎஸ் வைத்த எந்தப் படகுக்கும் வழிகாட்டியும் ஆகும். எதை வரைபடத்தில் போடலாம், எதை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பதிவு எடுக்கும் ஒவ்வொரு குழுவும் கரையில் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சில் கடைசி வார்த்தை கணியம் வைத்திருப்பவருடையது.