வால்வு அம்ப்ளிபயர் (கிற்றார்)

கிற்றாரின் மெல்லிய மின் சமிக்ஞையை வெற்றிடக் குழாய்களால் (வால்வுகளால்) பெருக்கும் கருவி. 1960களுக்குப் பின் திரான்சிஸ்டர் இதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்தது. ஆனாலும் அளவு மீறும்போது ஒலி இதமாகச் சிதைவதால் கிற்றார் கலைஞர் இதைக் கைவிடவில்லை.

மின்தேவை: 1990இல் போர் மீண்டும் மூண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது, மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர். அது திரான்சிஸ்டருக்கே போதும். 6 வோல்ற், 3 வாற் டைனமோவால் இஎல்34 வால்வு ஒன்றின் இழையைக்கூடச் சூடாக்க முடியாது, அதற்கு 6.3 வோல்ற்றில் 1.5 அம்பியர் வேண்டும். அனோட்டுக்கோ பல நூறு வோல்ற் தேவை.

மீட்பு: நெடுநாள் கிடந்த கருவியை நேரே மின்னில் பொருத்தலாகாது. இழைக் குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்து ஏற்ற வேண்டும். குமிழ் மங்காமல் பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே குறுஞ்சுற்று இருக்கலாம். உலர்ந்த மின்பகு கொள்ளளவிகளை மாற்ற வேண்டும். மின்னைத் துண்டித்த பின்னும் அவற்றில் உயிராபத்தான மின்னேற்றம் தங்கும்; தடையி வழியே இறக்கி, மானியால் சோதித்த பின்னரே கைவைக்கலாம்.

பராமரிப்பு: குடாநாட்டின் உப்புக்காற்று வால்வுத் தாங்கிகளின் முனைகளை அரிக்கும், அவற்றை அடிக்கடி துடைக்க வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கினால் வெளியீட்டு நிலைமாற்றி எரியக்கூடும். 120 வோல்ற் அமெரிக்கக் கருவிகளுக்கு, இலங்கையின் 230 வோல்ற்றைக் குறைக்கும் நிலைமாற்றி அவசியம்.