வெங்காயத் தோலும் மறைந்த முகவரியும்

1993ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் யோஹான் ஹெல்சிங்கியுஸ் என்பவர் ஒரு கணிப்பொறியை இயக்கத் தொடங்கினார். அதன் வேலை மிக எளியது. அதற்கு வரும் மின்னஞ்சலிலிருந்து அனுப்பியவரின் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, ஓர் எண்ணை மட்டும் ஒட்டி உரிய இடத்திற்கு அது அனுப்பும். பதில் வந்தால், அந்த எண்ணுக்குரியவரிடம் சேர்க்கும். வெளியே சொல்ல அஞ்சும் துன்பங்களை எழுதியவர்களும், அதிகாரத்தில் உள்ளவர்களைக் குறைகூற விரும்பியவர்களும், வெறும் வம்புக்காரர்களும் அதனை நாடினர். மூன்றே ஆண்டுகளில் அவர்கள் தொகை 5 இலட்சத்தைக் கடந்தது.

ஆனால் பதிலைக் கொண்டு சேர்க்கவேண்டுமானால், எந்த எண் எவருடையது என்ற பட்டியல் எங்கேனும் இருந்தாகவேண்டும் அல்லவா? அது அந்த ஒரே கணிப்பொறியில்தான் இருந்தது. 1995இல் சயன்டாலஜி என்னும் மத அமைப்பு, தன்னுடைய கோப்பு ஒன்று திருடி வெளியிடப்பட்டதாகப் புகார் செய்தது. போலீசார் வந்தனர். ஒருவரது முகவரியை ஹெல்சிங்கியுஸ் கொடுக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு நீதிமன்றமும் இவ்வாறே ஆணையிட, 1996 ஆகஸ்டில் அவர் அந்தப் பணியையே மூடிவிட்டார்.

இன்று ‘வி.பி.என்.’ என்று விற்கப்படுவதும் ஏறத்தாழ இதே அமைப்புத்தான். நம் முகவரி வெளியாருக்கு மறைகிறது. அதை நடத்துபவருக்கு மறைவதில்லை. பிரவுசரில் உள்ள ‘இன்காக்னிட்டோ’ சாளரம் இந்த அளவுக்குக்கூடப் பயன்படாது. நாம் பார்த்தவற்றை நம் சொந்தக் கணிப்பொறியில் பதிவு செய்யாமல் விடுவதே அதன் வேலை. வீட்டாருக்குத் தெரியாது, அவ்வளவே.

ஒரே ஆளை நம்பவேண்டிய இந்தக் குறைக்கு மருந்து 1981லேயே கூறப்பட்டிருந்தது. அமெரிக்கரான டேவிட் சாம், கடிதங்களைப் பல கணிப்பொறிகள் வழியாக அனுப்பும் முறையொன்றை வகுத்தார. ஒவ்வொரு கணிப்பொறியும் பல கடிதங்கள் சேரும்வரை காத்திருந்து, அவற்றைக் கலைத்து, வரிசை மாற்றி வெளியே விடும். உள்ளே சென்றது எது, வெளியே வந்தது எது என்று காவல் இருப்பவரால் பொருத்திப் பார்க்க முடியாது. கடிதத்திற்கு இந்தக் காத்திருப்பு பொருந்தும். திரையில் பக்கம் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்துமா?

1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்தில் கோல்டுஷ்லாக், ரீட், சைவர்சன் ஆகிய மூவரும் காத்திருப்பைக் கைவிட்டு, பல நிலையங்கள் என்னும் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். செய்தி பல சங்கேத உறைகளுக்குள் வைக்கப்படும். ஒவ்வொரு நிலையமும் ஓர் உறையைத் தோல்போல உரித்து அடுத்த நிலையத்திற்குத் தள்ளும். முதல் நிலையத்திற்கு அனுப்பியவரைத் தெரியும், சேருமிடம் தெரியாது. கடைசி நிலையத்திற்குச் சேருமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. நடுவில் உள்ளதற்கு இரண்டும் தெரியாது. வெங்காயத்தின் பெயரை இதற்கு வைத்தது பொருத்தமே.

இதனைக் கடற்படையினர் மட்டும் பயன்படுத்தினால் என்ன ஆகும்? அதிலிருந்து வெளிவருபவர் எல்லாம் கடற்படையினரே என்பது உலகுக்கே தெரிந்துவிடும்! ஆகவே கூட்டம் தேவைப்பட்டது. சைவர்சனுடன் டிங்கில்டைன், மேத்யூசன் ஆகியோர் சேர்ந்து உருவாக்கிய ‘டார்’ வலைப்பின்னல் 2002இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நிலையங்களை நடத்துபவர்கள் உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள்.

அவர்களுள் ஒருவராக, 2007இல் டான் எகர்ஸ்டாட் என்னும் சுவீடன் நாட்டவர் கடைசி நிலையங்கள் ஐந்தினை நடத்தினார். கடைசி உறையும் உரிந்தபின் செய்தி எந்த நிலையில் இருக்கும்? அனுப்பியவர் தனியே பூட்டியிருந்தாலன்றி, திறந்த அஞ்சலட்டைதான். அவர் செய்ததெல்லாம் கடந்து செல்வதைப் படித்ததுதான். அந்த ஆகஸ்டில் தூதரகங்கள், அரசு அலுவலகங்கள் முதலியவற்றின் 100 மின்னஞ்சல் கணக்குகளைக் கடவுச்சொற்களுடன் அவர் வெளியிட்டபோது, இந்தியத் தூதரகங்களின் கணக்குகளும் அவற்றில் இருந்தன. இதில் வியப்பான செய்தி வேறொன்று. கணக்கில் நுழைந்தவர்கள் தூதரக ஊழியர்களாக இல்லாமல், முன்பே கடவுச்சொல்லைத் திருடிவிட்டு டாருக்குள் ஒளிந்து வந்த ஒற்றர்களாகவும் இருக்கலாம் என்று எகர்ஸ்டாட் கருதினார். இப்பொழுது பெரும்பாலான இணையதளங்கள் செய்தியைத் தாமே பூட்டி அனுப்புகின்றன; ஆதலால் கடைசி நிலையத்திற்குத் தளத்தின் பெயருக்கு மேல் அதிகம் தெரிவதில்லை.

காத்திருப்பைக் கைவிட்டதன் விலை மட்டும் தீரவில்லை. இரு முனைகளையும் ஒருசேரக் கவனிப்பவர் நேரத்தை ஒப்பிட்டே ஆளைக் கண்டுகொள்வார். இதற்குப் பாதுகாப்பு இல்லை என்று டாரை அமைத்தவர்களே 2004இல் தங்கள் கட்டுரையில் எழுதினர். 2014 ஜனவரி முதல் ஜூலை வரை, கெட்ட நோக்குடைய நிலையங்கள் சில நல்லவைபோல் வலைப்பின்னலில் சேர்ந்திருந்து, பயனாளரைக் காட்டிக்கொடுக்க முயன்றதும் நடந்தது.

இதற்கு முந்தைய டிசம்பரில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தேர்வுக்கு அஞ்சிய மாணவர் ஒருவர் பொய்யான வெடிகுண்டு மிரட்டலை டார் வழியாக அனுப்பினார். வெங்காயத்தின் ஒரு தோலைக்கூடப் புலனாய்வாளர்கள் உரிக்கவில்லை. மாணவர் பயன்படுத்தியது பல்கலைக்கழகத்தின் கம்பியில்லா இணைப்பு. மிரட்டல் வருவதற்குச் சற்றுமுன் அந்த இணைப்பிலிருந்து டாருக்குச் சென்றவர் யார் என்று பதிவேட்டைப் பார்த்தனர். அவரை நேரில் சென்று கேட்டனர். அவரும் ஒப்புக்கொண்டார்.