கருவியும் நீதியும்

விளையாட்டின் வரலாறு ஒருவகையில் அளவையின் வரலாறுமாகும். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டதா, வீரனின் கை விதியை மீறியதா என்பனவற்றை நெடுங்காலமாக நடுவரின் கண்ணே தீர்மானித்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பொறுப்பின் ஒரு பகுதியைக் கருவிகள் ஏற்கத் தொடங்கின. அவை எச்சூழலில் அளக்கின்றன, யாரை அளக்கின்றன என்னும் இரு வினாக்களுக்குக் கிடைக்கும் விடையிலேயே அவற்றின் நேர்மை தங்கியுள்ளது.

சூழல் பற்றிய வினாவுக்கு டெனிஸ் பந்தே தக்க சான்றாகும். இரண்டாம் வகைப் பந்து 254 செ.மீ. உயரத்திலிருந்து விழவிடப்படும்போது 135 முதல் 147 செ.மீ. வரை எழும்புதல் வேண்டுமென்பது சர்வதேச விதி. இச்சோதனை ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும் 60 சதவீத ஈரப்பதனிலும் நிகழ்தல் வேண்டும். அதே பந்து பொத்துவிற் கடற்கரையில் மென்பந்துத் துடுப்பாட்டத்துக்குப் பயன்படுகையில், வெப்பநிலை 30 பாகையை எளிதிற் கடந்துவிடுகின்றது. வெப்பத்தால் உள்ளிருக்கும் வளியின் அமுக்கம் கூடப் பந்து மேலும் துள்ளும். ஈரம் ஏறின் அதன் மேலுறை கனக்கும். 2014 முதல், வீச்சின் வேகத்தையும் சுழற்சியையும் பதிவுசெய்யும் உணரிகள் பொருத்திய மட்டைகளை டெனிஸ் விதிகள் அனுமதித்தன. அவ்வுணரிகளின் அளவீடும் வெப்பத்தால் வழுவக்கூடியதே. எனவே, காணப்படும் மாற்றம் வீரனுடையதா, பந்தினுடையதா, கருவியினுடையதா எனப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

யாரை அளப்பது என்னும் வினாவோ இலங்கைத் துடுப்பாட்ட வீரர் ஒருவரின் முழங்கையை முன்னிட்டு எழுந்தது. 1995 டிசம்பரில் மெல்பேண் டெஸ்ட் போட்டியில், கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன் பந்தை எறிகின்றார் என நடுவர் டரல் ஹெயார் ஏழு முறை அறிவித்தார். பிறவியிலேயே முற்றாக நிமிராத முழங்கையை உடையவர் அவர். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் நிகழ்ந்த ஆய்வுகள், எறிவதுபோற் தோன்றுவது கண்ணின் மயக்கமே என முடிவுசெய்தன.

எனினும் ஐயம் நீங்கவில்லை. 2004இல் அவரது 'தூஸ்ரா' வீச்சு மீண்டும் சோதிக்கப்பட்டது. கையில் ஒட்டப்பட்ட ஒளிதெறிக்கும் குறிகளைப் பல கமராக்கள் தொடர, கணினி முழங்கையின் கோணத்தைக் கணித்தது. அது 14 பாகையாக இருந்து, பயிற்சியின் பின் 10.2 பாகையாகக் குறைந்தது. சுழற்பந்து வீச்சாளருக்கு அன்று அனுமதிக்கப்பட்ட எல்லையோ 5 பாகை மட்டுமே. வேகப்பந்து வீச்சாளருக்கு 10 பாகை அனுமதிக்கப்பட்டிருந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

திருப்பம் இதன் பின்னரே நேர்ந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரை மட்டும் அளந்த கருவி, அதே ஆண்டில் ஏனையோரையும் அளக்கத் தலைப்பட்டது. அப்போது மிகப் பெரும்பாலானோர் ஓரளவேனும் முழங்கையை நிமிர்த்துகின்றனர் என்பதும், குறையற்ற பாணியினர் எனப் போற்றப்பட்டோருட் சிலரும் எல்லையைக் கடந்திருந்தனர் என்பதும் புலப்பட்டன. வெறுங்கண் அதனைக் கண்டதில்லை. இதன் விளைவாக 2005 மார்ச் முதல் அனைவருக்கும் 15 பாகை என்னும் ஒரே எல்லை விதிக்கப்பட்டது. 2010 ஜூலையில் காலியில் முரளிதரன் தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி விடைபெற்றார்.

விதி ஒருவருக்காக வளைக்கப்பட்டது என்பார் இன்றும் உளர். ஆனால் வரலாறு காட்டுவது வேறு: அனைவரையும் அளந்தபோது பழைய விதியே மெய்ம்மைக்குப் பொருந்தாதிருந்தமை வெளிப்பட்டது. ஆய்வுகூடத்தில், எதிரே துடுப்பாளன் இன்றி வீசுவதும் ஆடுகளத்தின் வெயிலிலும் நெருக்கடியிலும் வீசுவதும் ஒன்றல்ல என்னும் மறுப்பு நியாயமானதே. அம்மறுப்பே கையில் அணியும் சிறு உணரிகளைத் தேடவும் தூண்டியது. அவை எவ்வளவு நுட்பமுறினும், களத்தின் சூழலைக் கணக்கிற் கொள்ளாத அளவையும் ஒருவரை மட்டும் நோக்கும் அளவையும் நீதியாகா.