சிறு ஸ்டாண்டர்டு லென்ஸ் (ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா)

35 மி.மீ. ஃபிலிம் போடும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் கழற்றாமலே வைத்திருக்கத் தக்க, 40 முதல் 50 மி.மீ. வரை குவியத்தூரமுள்ள, கேமராவை விட்டு அதிகம் துருத்தாத லென்ஸ் சிறு ஸ்டாண்டர்டு லென்ஸ் எனப்படும். பெரும்பாலும் எஃப் 3.5, எஃப் 2.8, எஃப் 2 ஆகிய அபெர்ச்சர்களில் வந்தது. எஃப் 1.4 முதலான வேக லென்ஸ்கள் எடையிலும் பருமனிலும் வேறு இனம். மங்கிய வெளிச்சத்தில் எடுக்க அகலக் கண்ணாடி வேண்டும்; கோட்டுப் பைக்குள் போகக் குட்டைக் குழல் வேண்டும். இந்த இழுபறிதான் இவ்வகை லென்ஸின் நூறாண்டு வரலாறு.

ரேஞ்ச்ஃபைண்டரில் காட்சியைப் பார்ப்பது மேல் மூலையில் உள்ள தனி ஜன்னல் வழியாக. எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்குப் பின்னால் ஏறி இறங்கும் கண்ணாடிக்கு இங்கே வேலையில்லை. லைக்கா என்னும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் திருகு மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் இடையே 28.8 மி.மீ. தான், நிக்கான் எஃப் எஸ்.எல்.ஆரில் அது 46.5 மி.மீ. ஆகவே லென்ஸின் பின்பகுதி ஃபிலிமை ஒட்டி உட்காரலாம். மொத்த நீளமும் குறையும். இதே அமைப்புக்கு ஒரு தண்டனையும் உண்டு. லென்ஸ் நீண்டாலோ பருத்தாலோ வியூஃபைண்டரின் கீழ் வலது மூலையை அடைத்துக்கொள்ளும். எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவருக்குப் பெரிய லென்ஸ் வெறும் சுமை. ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருப்பவருக்குப் பார்வையில் விழும் அடைப்பு.

தொடக்கம் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில். அங்கிருந்த எர்ன்ஸ்ட் லைட்ஸ் நுண்ணோக்கி நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமாக்காரர். கனத்த தட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாதவர். சினிமா ஃபிலிமில் இரண்டு சட்டங்களைச் சேர்த்து 24க்கு 36 மி.மீ. படம் எடுக்கும் சிறு பெட்டி ஒன்றை 1914 வாக்கில் செய்து முடித்தார். அதில் இருந்தது 42 மி.மீ. மைக்ரோ-சம்மார். படச்சட்டத்தின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. என்பதால், பாடநூல் கணக்குப்படி அதுவே 'இயல்பான' குவியத்தூரம். ஆனால் 1925 லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் அந்தப் பெட்டி லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு அறிமுகமானபோது லென்ஸ் 50 மி.மீ. ஆகியிருந்தது. குவியத்தூரம் சற்றுக் கூடினால் படத்தின் மூலைவரை கூர்மை கிடைப்பது எளிது. நுணுக்கமான அந்த விட்டுக்கொடுப்புதான் 50 மி.மீ. என்ற எண்ணை உலகத்துக்கே 'ஸ்டாண்டர்டு' ஆக்கியது. வேறு எந்த இயற்கை விதியும் அதன் பின்னால் இல்லை.

லென்ஸை வடிவமைத்தவர் மாக்ஸ் பெரெக். முதலில் அனாஸ்டிக்மாட், அடுத்து எல்மாக்ஸ் என்ற பெயர்களில் வந்த லென்ஸில் ஐந்து கண்ணாடிகள்; பின்பகுதியில் மூன்றை ஒன்றாக ஒட்டியிருந்தார்கள். மூன்று கண்ணாடியைப் பிசகாமல் ஒட்டுவது செலவு பிடிக்கும் வேலை. விரைவிலேயே அது நான்கு கண்ணாடி எல்மார் 50 மி.மீ. எஃப் 3.5 ஆகச் சுருங்கியது. அமைப்பு 1902இல் ஜெய்ஸ் நிறுவனத்தின் பவுல் ருடால்ஃப் உருவாக்கிய டெஸ்ஸாரை ஒத்தது. ஆனால் டெஸ்ஸாரில் இரண்டாம் மூன்றாம் கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் அபெர்ச்சர், எல்மாரில் முதல் கண்ணாடிக்கு அடுத்தே வந்துவிடுகிறது.

எல்மாரின் சாமர்த்தியம் குழலில் இருக்கிறது. பயன்படுத்தாதபோது லென்ஸ் கேமராவின் வயிற்றுக்குள் அமிழ்ந்துவிடும். எடுக்கும்போது வெளியே இழுத்து, வலப்பக்கம் சிறிது திருப்பிப் பூட்ட வேண்டும். பூட்ட மறந்தால் கேமரா எச்சரிக்காது. வியூஃபைண்டரில் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். கழுவி வரும் ஃபிலிமில்தான் மங்கல் தெரியும். அபெர்ச்சர் மாற்றுவதற்கு லென்ஸின் முகத்திலேயே, கண்ணாடியைச் சுற்றி, நகத்தால் தள்ளும் குட்டி நெம்பு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவற்றில் 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18 என்ற பழைய ஐரோப்பிய அளவுகள் பொறித்திருக்கும். அவற்றைப் படிக்கக் கேமராவைத் தன் பக்கம் திருப்பியாக வேண்டும். மேலே ஹூட் போட்டுவிட்டாலோ நெம்பு கைக்கு எட்டாது. ஃபோகஸ் பிடியை முடிவிலித் தூரத்தில் நிறுத்த ஒரு பொத்தான் பூட்டு, மிக அருகில் ஒரு மீட்டர் வரை ஃபோகஸ், எடை 100 கிராமைச் சற்றே தாண்டும். இவ்வளவு சள்ளைகளோடும் அது முப்பது ஆண்டுக்கு மேல் விற்றது. அதன் சிறுமையை மிஞ்ச யாராலும் முடியாததே காரணம்.

1925 லைக்காவில் ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பு கிடையாது; தூரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டும், அல்லது தனிக் கருவியால் அளக்க வேண்டும். லென்ஸைக் கழற்றி மாற்றும் வசதி 1930இல் வந்தது. லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் 1932இல் லைக்கா 2இல் வந்தது. அதே ஆண்டில் ஜெய்ஸ் ஐகான் காண்டாக்ஸை இறக்கியது. போட்டி அப்போதுதான் சூடுபிடித்தது. காண்டாக்ஸில் 50 மி.மீ. லென்ஸை ஃபோகஸ் செய்யும் திருகுமறை கேமராவுக்குள்ளேயே இருந்ததால், அதை லென்ஸில் செய்ய வேண்டியதில்லை. லுட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த சொன்னார் எஃப் 2 ஆறு கண்ணாடிகளை மூன்றே தொகுதியாக ஒட்டியிருந்தது. பூச்சு இல்லாத அக்காலத்தில் கண்ணாடி காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும் ஒளியைச் சிதறடிக்கும். சொன்னாரில் அத்தகைய பரப்புகள் ஆறு மட்டுமே. ஆகவே படத்தில் மாறுபாடு துலங்கியது. வேகமும் சிறு உருவமும் ஒரே லென்ஸில் சேரலாம் என்று முதலில் காட்டியது லைக்கா அன்று, காண்டாக்ஸ் என்பதே நியாயமான மதிப்பீடு.

லைட்ஸ், ஏற்கெனவே இருந்த ஹெக்டர் எஃப் 2.5க்கு மேல், 1933இல் சம்மார் எஃப் 2, 1939இல் சம்மிட்டார் எஃப் 2 என்று பதில் சொன்னது. ஹெக்டர் என்பது பெரெக் வளர்த்த நாயின் பெயர் என்பார்கள். சம்மாரின் முன் கண்ணாடி மிக மென்மையானது. சட்டை நுனியால் துடைத்துத் துடைத்தே அதன் பரப்பைக் கீறலாக்கிவிட்டார்கள். இன்று கிடைக்கும் சம்மார்கள் பனிமூட்டம் போலப் படம் தருவதில் பாதிப் பழி அந்தக் கீறல்களுக்கே உரியது. ஜெய்ஸில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935இல் கண்டுபிடித்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு போருக்குப் பின் பரவியதும், அதிகக் கண்ணாடிகள் கொண்ட வடிவங்களும் தயக்கமின்றிச் செய்யப்பட்டன. 1953இல் வந்த உள்ளிழுக்கும் சம்மிக்ரான் எஃப் 2 அவ்வழியில் பிறந்தது. அடுத்த ஆண்டு வந்த லைக்கா எம்3இன் வியூஃபைண்டர் 0.91 உருப்பெருக்கத்தோடு 50 மி.மீ. லென்ஸுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததைப் போல் இருந்தது.

பின்னர் உள்ளிழுக்கும் குழல் மெல்ல ஒதுங்கியது. அசையாத குழல் துல்லியமாக நிற்கும், தேயாது. எம்5 (1971), சி.எல். (1973) ஆகிய லைக்காக்களில் ஃபிலிமுக்கு முன்னால் ஒளிமானியின் கை தொங்கியது. பழக்கதோஷத்தில் லென்ஸை உள்ளே அழுத்தினால் அந்தக் கை நொறுங்கும். இதற்காகவே குழலைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாடா ஒட்டி உள்ளே போகாமல் தடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

மினோல்டாவோடு சேர்ந்து உருவாக்கி ஜப்பானில் தயாரித்த அந்த சி.எல். வேறு வழி காட்டியது: குழலை மடக்குவதற்குப் பதில் குவியத்தூரத்தைக் குறைப்பது. அதன் சம்மிக்ரான்-சி 40 மி.மீ. எஃப் 2, மூலைவிட்டக் கணக்குக்கு மீண்டும் அருகே வந்தது. அதை எம் வகை உடலில் மாட்டினால் 50 மி.மீ. சட்டக்கோடுதான் எழும், படத்தில் அதைவிட அதிகம் விழும். மவுண்டின் ஒரு முனையை அரத்தால் தேய்த்து 35 மி.மீ. கோட்டை வரவழைப்போர் இன்றும் இருக்கிறார்கள்.

சோவியத் கிளைக்குத் தனிக் கவனம் தேவை. கல்வியாளர் அன்டோன் மக்கரென்கோவின் பெயரோடு இணைந்த கார்கிவ் சிறார் கம்யூனில் 1934 முதல் ஃபெட் என்ற லைக்கா நகல் தயாரானது. எல்மார் குடும்பச் சாயலில் வந்த இண்டஸ்டார்-22, சொன்னாரைப் பின்பற்றிய ஜூபிடர்-8 இரண்டும் மலிவு, திருகும் லைக்காவின் 39 மி.மீ. திருகே. ஆனால் லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் 51.6 மி.மீ. மெய்க் குவியத்தூரத்துக்கு அளவிடப்பட்டது. ஜூபிடர் காண்டாக்ஸின் 52.4 மி.மீ. அளவைப் பின்பற்றியது. தூரக் காட்சியில் வித்தியாசம் தெரியாது. எஃப் 2இல் ஒரு மீட்டரில் முகம் எடுத்தால் கண்ணில் வைத்த ஃபோகஸ் கண்ணில் நிற்காது. மலிவாகக் கிடைத்த லென்ஸ் மோசம் என்று தூக்கிப் போடுமுன் இந்தக் கணக்கை நினைவில் கொள்வது நல்லது.

1990களில் சிறுமை மீண்டும் மதிப்புப் பெற்றது. 1994இல் லைக்கா எல்மார்-எம் எஃப் 2.8ஐ உள்ளிழுக்கும் குழலோடு புதுப்பித்தது. 1997இல் கோனிக்கா ஹெக்சனான் எஃப் 2.4ஐக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டது. ஜப்பானின் கோசினா நிறுவனம் ஃபோக்ட்லாண்டர் பெயரில் 2001இல் உள்ளிழுக்கும் ஹெலியார் எஃப் 3.5ஐயும், அடுத்து மடங்காத கலர்-ஸ்கோப்பார் எஃப் 2.5ஐயும் கொண்டுவந்தது.

தேர்வில் முதல் கேள்வி வெளிச்சம். எஃப் 2 விடும் ஒளி எஃப் 3.5 விடுவதைப்போல் மூன்று மடங்கு. ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமில் இரவு நேர வீட்டு விளக்கில் எஃப் 2இல் 1/60 நொடி கிடைத்தால் எஃப் 3.5இல் 1/20 தான். கை நடுங்காதவருக்கும் எதிரே இருப்பவர் அசைந்துவிடுவார். பெரும்பாலும் வெயிலில் தெருவில் எடுப்பவருக்கு எஃப் 3.5 போதும், எஃப் 2.8 தாராளம். அடுத்து ஃபில்டரும் ஹூட்டும்: அவற்றையும் மாட்டிய நிலையில்தான் லென்ஸின் உண்மையான அளவு தெரியும். அருகில் எடுப்பவருக்கு ஒரு மீட்டர் எல்லை இடிக்கும். புதிய லென்ஸ்களில் அது 0.7 மீட்டர். பழையதை வாங்குவோர் பின்புறமிருந்து டார்ச் அடித்து, கண்ணாடிகளின் உட்பரப்பில் வெண்புகை படிந்திருக்கிறதா, அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் பளபளக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளிழுக்கும் வகையானால் குழலை நீட்டிப் பூட்டி, இரு விரலால் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் அவசியம். சிறிது ஆடினாலும் ஃபோகஸ் ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் விழும்.