தலைப்பெழுத்தின் பாத்தியதை

பாலவனத்தம் என்றால் தமிழ் வாசகனுக்கு ஒரே ஒரு மனிதர்தான் ஞாபகத்துக்கு வருவார். 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர், விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே உள்ள இந்தக் கரிசல் ஊரின் ஜமீன்தார். அவருடைய தமிழ்ப் பணி பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. இங்கே நான் பார்க்க விரும்புவது அவர் பெயரின் கடைசிச் சொல்லை. அவர் தேவர். அவருடைய சித்தப்பா மகன் பாஸ்கரர், சேதுபதி. அப்பாக்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள். அண்ணன் பிள்ளை ஒரு பெயரிலும் தம்பி பிள்ளை வேறொரு பெயரிலும் நிற்பதற்குக் காரணம், தம்பி சிறுவனாக இருந்தபோது அவன் பெயர் மாற்றப்பட்டதுதான். அந்த மாற்றம் செல்லுமா செல்லாதா என்ற வழக்கு லண்டன் வரைக்கும் போயிற்று. பிரிந்துவிட்ட தாயும் தகப்பனும் குழந்தையின் பெயருக்காக இன்று கோர்ட் ஏறும்போது எழுகிற கேள்விகளில் பாதி, அந்தப் பழைய வழக்கிலேயே இருக்கின்றன.

ராமநாதபுரம் ஜமீன் ஆண் வாரிசு இல்லாமல் விதவையான ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் கைக்கு வந்திருந்தது. 1847-இல் அவர் முத்துராமலிங்கம் என்ற சிறுவனைத் தத்து எடுத்தார். செத்துப்போன கணவன் அனுமதி எதுவும் எழுதி வைக்கவில்லை. கணவன் வழிப் பங்காளிகளின் சம்மதத்தை வைத்துத்தான் ராணி தத்து எடுத்தார். சர்க்கார் ஒப்பவில்லை. வாரிசு இல்லையென்றால் ஜமீன் சர்க்காருக்குச் சேரும் என்பது அதற்கிருந்த லாபம். மதுரை கலெக்டர் வாதியாக நின்ற அப்பீலில் 1868-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. திராவிட தேசத்து வழக்கப்படி, கணவனின் அனுமதி இல்லாவிட்டாலும் பங்காளிகளின் சம்மதம் இருந்தால் விதவை எடுத்த தத்து செல்லும். ஹிந்து தர்ம சாஸ்திரத்தைப் பொறுத்தவரை, தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த நூலைவிட வலுவானது என்ற பிரசித்தமான கொள்கை இந்த வழக்கில் பிறந்ததுதான்.

சட்ட மாணவர்கள் மனப்பாடம் செய்கிற இந்தக் கொள்கையில் இரண்டு முகங்கள் உண்டு. ஒரு பெண் தன் தீர்மானத்தால் ஒரு குழந்தையின் பெயரையும் வம்சத்தையும் மாற்றலாம் என்று அது ஒப்புக்கொண்டது. அதே மூச்சில், அந்தத் தீர்மானத்துக்கு ஆண்களின் கையெழுத்து வேண்டும் என்றும் சொன்னது. கணவன் இல்லாவிட்டால் கணவனின் பங்காளிகள். அடுத்த நூற்று ஐம்பது வருஷ சரித்திரம், இந்தக் கையெழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போன சரித்திரம்தான்.

இன்னொரு விஷயம். சாஸ்திரப்படி தத்துப் போன பிள்ளை பிறந்த வீட்டுக்கு இறந்தவன் மாதிரி. ஆனால் நடந்தது என்ன? மூத்தவர் பொன்னுசாமித் தேவர் தேவராகவே இருந்து, தம்பியின் சமஸ்தானத்தை நிர்வகித்தார். ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்கு ஆதரவாக நின்றவரும் அவரே. அவர் பிள்ளை சங்கம் வைத்தபோது, காகிதத்தில் வேறு வம்சத்தவரான பாஸ்கர சேதுபதி கூட நின்றார். பெயர் மாறியது, உறவு மாறவில்லை. காரணம் சாதாரணமானது. அவர்கள் ஒரே ஊரில், ஒரே அரண்மனைப் புழக்கத்தில் இருந்தார்கள். தினமும் முகம் பார்க்கிறவர்களுக்குப் பெயர் ஒரு சாட்சியாகத் தேவைப்படுவதில்லை.

நம்முடைய பிரச்னை முகம் பார்க்காதவர்களுடையது.

அதற்குமுன் தமிழனின் பெயர் என்ன என்று ஒரு வார்த்தை. இன்னார் மகன் இன்னார் என்பதுதான் பழைய தஸ்தாவேஜுகளின் வாசகம். அதைச் சுருக்கி ஒற்றை எழுத்தாக முன்னால் நிறுத்தப் பழக்கியவை பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரும் ஆபீஸ் கோப்பும். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. தமிழ்நாட்டில் பெருமளவுக்கு அது பலித்தது. பெயரின் வால் போயிற்று. தலையிலிருந்த அப்பாவின் எழுத்து மட்டும் மிஞ்சியது. ஜாதியைக் கழற்றிய கை தகப்பனைக் கழற்றவில்லை. அந்த ஒற்றை எழுத்தை ஏதோ ஆதிகாலத்துப் பாரம்பரியமாக நினைத்து வழக்காடுகிறவர்கள், அதன் வயசு ரிஜிஸ்தரின் வயசுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். புனேயில் குடித்தனம் நடத்திய தம்பதி பிரிகிறார்கள். தகப்பன் அங்கேயே இருக்கிறான். தாய் குழந்தையோடு பாலவனத்தத்துக்கு, அப்பா அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். மராட்டிய வழக்கப்படி குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று பகுதிகளாகச் சான்றிதழ் இருக்கிறது. இங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரும் ஒரு எழுத்தும் போதும். இந்தியாவில் மாநிலம் மாறினால் பெயரின் இலக்கணமே மாறுகிறது. ஆந்திராவில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். கேரளத்தில் பலருக்குத் தறவாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். மகாராஷ்டிரத்திலேயே 2024 மே 1 முதல் அரசு ஆவணங்களில் குழந்தையின் பெயரை அடுத்துத் தாயின் பெயரும் வரவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

தாய் பெயரை மாற்ற நினைத்தால் அவள் போக வேண்டிய வாசல்கள் இரண்டு மாநிலங்களில் இருக்கின்றன. 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி குழந்தை எங்கே பிறந்ததோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் பதிவு இருக்கிறது. அவரும் பிழையைத் திருத்துவார். மனசு மாறியதைப் பிழை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். அதனால் கோர்ட். 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டம், குழந்தை சாதாரணமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஜில்லா கோர்ட்டுக்கு அதிகாரம் என்கிறது. அதாவது பதிவு புனேயில், வழக்கு விருதுநகர் ஜில்லாவில். பெற்றோர் இருவரும் தங்கள் தங்கள் ஊரை முன்வைத்து வழக்காடலாம். சட்டம் பார்க்கிற ஊர் குழந்தையின் ஊர். வெள்ளைக்காரன் எழுதிய அந்தப் பழைய சட்டத்தில் குழந்தையை நடுவில் வைத்த வாக்கியம் இது ஒன்றாவது இருக்கிறது.

ஆனால் யார் கையெழுத்துப் போடுவது? 1956-ஆம் வருஷத்து ஹிந்து மைனர் சட்டம், தகப்பன், அவனுக்குப் பின் தாய், என்று எழுதி வைத்தது. நாவலாசிரியை கீதா ஹரிஹரன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியில் பத்திரம் வாங்கப் போனபோது, தகப்பன் கையெழுத்துக் கேட்டார்கள். 1999 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், ‘பின்’ என்றால் தகப்பன் செத்த பின் அல்ல, அவன் அந்தப் பொறுப்பில் இல்லாதபோது என்று அர்த்தம் சொன்னது. எழுத்து அப்படியே இருந்தது. வாழ்க்கை அதற்குள் புகுந்து உட்கார்ந்தது. 1868-இல் வழக்கம் நூலை வென்றதற்கும் இதற்கும் ரொம்ப தூரம் இல்லை.

பிறகு வந்தவை மூன்று. 2021-இல் டில்லி ஹைகோர்ட்டில் ஒரு தகப்பன், பிரிந்துபோன மனைவி மகளுக்குத் தன் குடும்பப் பெயரை வைத்துவிட்டாள் என்று முறையிட்டான். மகள் தகப்பனுக்குச் சொந்தமான பொருள் இல்லை, தாயின் பெயரில் அவளுக்குச் சந்தோஷம் என்றால் உனக்கென்ன என்ற மாதிரி கேட்டது கோர்ட். 2022-இல் ஆந்திரத்து வழக்கு ஒன்று. கணவன் இறந்து மறுமணம் செய்துகொண்ட தாய், பிள்ளைக்குப் புதுக் கணவன் பெயரை வைத்தாள். இறந்தவனின் பெற்றோர் எதிர்த்தார்கள். பங்காளிகளின் சம்மதம் என்ற பழைய பேய்தான் இது. ஒரே இயற்கைக் காப்பாளரான தாய்க்குப் பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று சுப்ரீம் கோர்ட் அதை ஓட்டியது. 2023-இல் கேரளத்தில் பிரிந்த தம்பதி ஆளுக்கொரு பெயர் சொல்ல, குழந்தை பெயரே இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் நின்றது. தாய் சொன்ன பெயரை எடுத்து, அதோடு தகப்பன் பெயரையும் சேர்த்து, ஹைகோர்ட்டே பெயர் வைத்தது.

இந்த மூன்றையும் தாயின் ஜெயம் என்று எண்ணிக் கணக்குப் போடுவது சுலபம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிரிந்து தூரத்தில் இருக்கிறவனுக்குப் பெயர் ஒரு நடுகல். குழந்தையோடு அவனுக்கு மிச்சமிருப்பது அந்த ஒன்றுதான்; அதனால் பிடிவாதம். கூட இருக்கிறவளுக்குப் பெயர் ஒரு கருவி. ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், பாஸ்போர்ட் ஆபீசில் தினமும் நீட்ட வேண்டியது. நீட்டுகிறபோதெல்லாம் இங்கே இல்லாத ஒருவனைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியது. 2016 கடைசியில் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று விதி தளர்ந்தது இந்தச் சிரமத்தைப் புரிந்துகொண்டதால்தான். நடுகல்லுக்கும் கருவிக்கும் சண்டை வந்தால் நான் கருவியின் பக்கம். ஏனென்றால் அது உயிருள்ள குழந்தையின் கையில் இருக்கிறது. தகப்பனின் பயம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் எழுத்து போய்விட்டால் உறவு போய்விடும் என்பதற்குப் பதில், சேதுபதியும் தேவரும் சேர்ந்து நின்ற அந்த மதுரைச் சங்கம். வந்து முகம் பார்க்கிற தகப்பனை ஒரு எழுத்து அழித்துவிடாது. வராதவனை ஒரு எழுத்து காப்பாற்றிவிடவும் செய்யாது.

இந்த வறண்ட சீமையில் பெயரை வேண்டாம் என்று விட்டவர் ஒருவர் உண்டு. திருச்சுழி வேங்கடராமன், 1896-இல் பதினாறு வயசில் மதுரையை விட்டுப் போகும்போது எழுதி வைத்த கடிதத்தில் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடுதான் இருந்தது. உலகம் அவரை ரமணர் என்றது பிறகு. அவர் தன் பெயரைத் தானே விட்டார். மூன்று வயசுக் குழந்தைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதன் கோட்டை மற்றவர்கள்தான் நிரப்புகிறார்கள். 1847-இல் முத்துராமலிங்கத்தை யாரும் கேட்கவில்லை. டில்லிக் கோர்ட்டில்தான், அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறதா என்ற கேள்வி முதன்மையாக வந்தது. வழக்கம் நூலைவிடப் பெரியது என்றால், இந்தக் கேள்வியை வழக்கமாக்க வேண்டியதுதான் பாக்கி.